சங்கிலி அடகுக்குப் போக வேண்டாம்



இது நீண்ட பதிவு. காலையில் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்கு வகுப்பிலிருந்தே தெரியும்.

போன மாதம் நிரவியில் நடந்த கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில், இருபது பேர் காதில் விழும்படி நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். என் தங்கை பேரன் கிடார் வாசிக்கிறான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும், வால்வு செட்டா, இப்போது வருகிற டிஜிட்டல் மாடலிங் செட்டா என்று பேச்சு வந்தது. நான் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்குனா வால்வு செட்டுதான் வாங்கணும். மத்ததெல்லாம் விளையாட்டுப் பொம்மை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மறந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து என் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கல்யாணத்துக்கு நான் போட்ட சங்கிலி. "இதை வச்சா வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கிடலாம்னு அவரு கணக்குப் போட்டிருக்காரு பெரியம்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வைப்போம்னு வந்தேன். டீச்சரே சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்னன்னு சொல்றாரு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளிடம், "தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே, இடம் விட்டுவிடு" என்று சொன்னவள் நான். பந்தியில் அதைத்தான் செய்திருக்கிறேன். "ரெண்டு வாரம் பொறு" என்று அவளை அனுப்பிவிட்டு, படித்தேன், கேட்டேன், சோதித்துப் பார்த்தேன். பந்தியில் பொதுவில் சொன்னதைப் பொதுவிலேயே திருத்துவதுதான் முறை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில், ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் அவருக்கு டார்ச் பிடிப்பது என் வேலை. பலகைப் பெட்டியின் பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே நாலைந்து கண்ணாடிக் குழல்கள் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். குழலுக்குள் ஒரு கம்பி மெல்லச் சிவக்கும். சூடான தூசி வாசனை வரும். பிறகு எங்கிருந்தோ கிளம்பி வருவது மாதிரி இலங்கை வானொலி வரும். கடற்கரை ஊர் என்பதால் நமக்கு அது சுத்தமாகக் கேட்கும். அந்தக் குரலின் நிறைவு இன்னமும் என் காதில் இருக்கிறது. பந்தியில் பேசியது டீச்சர் அல்ல, டார்ச் பிடித்த அந்தப் பெண்.

வால்வு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக. நம் அரசலாற்று மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தண்ணீர் முட்டி நிற்கிறது. பலகையைக் கையால் ஒரு சாண் தூக்கினால் ஒரு வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. கை கொடுத்த பலம் கொஞ்சம், ஓடுகிற தண்ணீர் ஏராளம். வால்வும் இதுதான். சூடான ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, அதிக வோல்ட் உள்ள தகட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவில் இருக்கும் கம்பி வலைதான் மதகுப் பலகை. கிடார் கம்பி தருகிற சிறு மின்னோட்டம் அந்த வலையை அசைக்கிறது, தகட்டில் பெரிய ஓட்டமாக வெளிவருகிறது. லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் 1906 இல் இப்படி மூன்று முனை கொண்ட குழலைச் செய்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு உலகத்தின் ரேடியோ, சினிமா, மைக் செட் எல்லாம் அதில்தான் ஓடின. நம் நாட்டிலேயே பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வு தயாரித்தது.

பலகையை அளவுக்கு மேல் தூக்கினால் என்ன ஆகும்? வாய்க்கால் கொள்ளும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடும். கரையோரம் மெல்லத் தளும்பி உருண்டு வழியும். வால்வும் தாங்கும் எல்லையை நெருங்கும்போது அலையின் தலையை மெல்ல அழுத்தி உருட்டுகிறது. சாதாரண டிரான்சிஸ்டர் செட் அந்த இடத்தில் அரிவாளால் சீவியது மாதிரி வெட்டிவிடும். அறிவியல்படி இரண்டும் பழுதுதான். ஆனால் முதல் பழுது காதுக்கு இனிக்கிறது. ராக் கிடாரின் உறுமல் என்று உலகம் கொண்டாடுவது இந்தத் தளும்பலைத்தான்.

மாடலிங் செட் என்பது வேறு வழி. அதற்குள் வால்வு கிடையாது, ஒரு சிறு கணினி இருக்கிறது. கிடாரிலிருந்து வரும் அலையை ஒரு வினாடிக்கு 48,000 முறை போல அளந்து, "இந்த இடத்தில் அந்த வால்வு செட் என்ன செய்திருக்கும்?" என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு விடையை ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996 இல் இப்படி ஒரு கிடார் செட்டைக் கொண்டுவந்தது. முதலில் வந்தவை சுமார்தான் என்று வாசிப்பவர்களே சொல்வார்கள். இருபது முப்பது ஆண்டுகளில் கணக்கு வெகுவாகத் தேறியிருக்கிறது. 2011 இல் ஜெர்மனியின் கெம்ப்பர் நிறுவனம், முன்னால் இருக்கும் ஓர் உண்மையான ஆம்ப்ளிஃபயரையே கேட்டு அதன் சாயலை எடுத்துக்கொள்ளும் பெட்டியைக் கொண்டுவந்தது. வால்வு செட்டுக்குப் பேர்போன ஃபெண்டர் நிறுவனமே 2019 இல் தன் புகழ்பெற்ற இரண்டு பழைய செட்டுகளை வால்வு இல்லாமல் டிஜிட்டலில் செய்து விற்கத் தொடங்கியது. பழைய செட்டைவிட எடை ஏறக்குறைய பாதி.

"நகல் நகல்தானே டீச்சர்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. இங்கிலாந்தில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962 வாக்கில் செய்த முதல் செட், அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன் செட்டின் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்தது. அந்த நாட்டில் கிடைத்த பாகங்களைப் போட்டதால் ஒலி கொஞ்சம் மாறியது. அந்த மாறிய நகல்தான் இன்று உலகத்துக்கே அசல். அந்த ஃபெண்டர் யார்? கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. இதைப் படித்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஆக, அசல், நகல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு சங்கிலியை அடகுக்கு அனுப்ப முடியாது. காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேட்டோம். என் பழைய மாணவன் ஒருவன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான். நாகப்பட்டினத்து மெல்லிசைக் குழு ஒன்றிடமிருந்து 15 வாட் வால்வு செட் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தான். அவனிடமே ஒரு மாடலிங் செட் இருந்தது. அவன் குடோனில் சாமியானா துணியைக் குறுக்கே கட்டி, இரண்டையும் பின்னால் வைத்தோம். பேரன் வாசித்தான். நான் இந்தப் பக்கம் நாற்காலியில் சிலேட்டு மாதிரி ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். இரண்டின் சத்தத்தையும் போனில் இருக்கும் டெசிபல் அளவியை வைத்து ஒன்றாக்கினோம். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பது நல்ல ஒலி என்றே காதுக்குத் தோன்றும், அதனால்.

முதல் சுற்றில் பத்தில் ஒன்பது முறை வால்வு எது என்று சரியாகச் சொன்னேன். "பாத்தீங்களா, டீச்சர் காதுன்னா சும்மாவா!" என்று குதித்தான் அந்தப் பயல். எனக்கு ஒரு சந்தேகம். ஏழாம் வகுப்பு அறிவியலில் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? சோதனையில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இங்கே இரண்டு மாறியிருக்கிறது. செட்டும் வேறு, அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரும் வேறு. வால்வு செட்டில் 12 அங்குல ஸ்பீக்கர், மற்றதில் 8 அங்குலம்.

இரண்டையும் ஒரே 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டிக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் பத்தில் ஆறு. காசைச் சுண்டிப் போட்டாலே ஐந்து வரும். அதாவது முதல் சுற்றில் நான் வால்வைக் கண்டுபிடிக்கவில்லை, ஸ்பீக்கரைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

அப்புறம்தான் முக்கியமானது. வாசிக்கிற பேரனையே திரும்பி உட்கார வைத்து, "நீ சொல்லு, இப்ப எது?" என்றேன். அவன் பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னான். எப்படி என்று கேட்டேன். "காது இல்ல பாட்டி, கை சொல்லுது. மெதுவா தட்டுனா அடங்குது, ஓங்கித் தட்டுனா சீறுது. இன்னொண்ணுல அது கொஞ்சம் கம்மி" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்பவருக்குத் தெரியாத வித்தியாசம் வாசிப்பவன் விரலில் இருக்கிறது. வால்வைப் புகழ்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

கடைசியாக, சத்தத்தை வீட்டில் வாசிக்கும் அளவுக்குக் குறைத்து அதே சோதனையைச் செய்தோம். பேரனுக்குப் பத்தில் ஐந்து. "இப்ப எனக்கும் தெரியல பாட்டி."

ஒரு நாள் மதியம், ஒரு குடோன், பத்துப் பத்து முறை. இது பெரிய ஆராய்ச்சி இல்லை. அறுபதைத் தாண்டிய காது மேல் ஸ்தாயி ஒலிகளை முன்போல் கேட்காது என்பதும் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசிச் சுற்றுக்குக் காரணம் இருக்கிறது. வால்வின் அழகு மதகு தளும்பும்போதுதான் வருகிறது என்றேன் அல்லவா? 15 வாட் வால்வு செட் தளும்ப வேண்டுமென்றால் சத்தத்தை நன்றாக ஏற்ற வேண்டும். நல்ல கிடார் ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் நூறு டெசிபலை நெருங்கும். நம் நாட்டின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. பேரன் வீடு எங்கே இருக்கிறது? இரண்டு பக்கமும் பொதுச் சுவர். ஒரு பக்கம் கைக்குழந்தை, மறுபக்கம் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவர். அந்த வீட்டில் வால்வு செட் ஒரு நாளும் தளும்பப் போவதில்லை. சமையலறையில் யானையைக் கட்டிப்போட்டுத் தீனி போடுகிற கதை.

"அப்ப சின்ன வாட் வாங்கிடலாமே?" என்று தங்கை மருமகன் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் வாட்டைப் பாதியாக்கினால் சத்தம் பாதியாகாது. 3 டெசிபல்தான் குறையும், காதுக்குக் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். சத்தம் பாதியாகத் தோன்ற வேண்டுமென்றால் வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். 15 வாட்டை 7 வாட் ஆக்கினாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும்.

இப்போது ஸ்பீக்கர். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எல்லோரும் செட்டைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், ஸ்பீக்கரை மறந்துவிடுகிறார்கள். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிடாருக்கென்று செய்த ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் வாக்கில் மேல்பகுதியைத் தானாகவே கழித்துவிடும். வீட்டில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கரோ 20,000 வரை போகும். உறுமும் கிடாரை நேரடியாக வீட்டு ஸ்பீக்கரில் கொடுத்தால், கழிக்க வேண்டிய அந்த மேல்பகுதி எல்லாம் வெளியே வந்து, தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரி கேட்கும். பேரன் இத்தனை நாள் ஹோம் தியேட்டரில் சொருகி வாசித்து, "என் கிடார் மட்டம்" என்று அழுததற்குக் காரணம் இதுதான். கிடார் மட்டமில்லை. நம் கோயில் திருவிழாவில் கட்டும் கூம்புக் குழாயில் கேட்டால் அடி ஸ்தாயி இல்லாமல் தகரமாகக் கேட்கும். தூரம் போகச் செய்ததே அது.

மாடலிங் செட்டில் ஸ்பீக்கர் பெட்டியின் சாயலையும் கணக்கில் போட ஒரு வசதி உண்டு. ஹெட்போனிலோ, வீட்டு ஸ்பீக்கரிலோ, மேடை மிக்சரிலோ கொடுக்கும்போது அதைப் போட வேண்டும். உண்மையான கிடார் ஸ்பீக்கரில் கொடுக்கும்போது அதை அணைக்க வேண்டும். இல்லையென்றால் மூக்குக் கண்ணாடி மேல் மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி மங்கிவிடும். "மாடலிங் நல்லாவே இல்ல" என்று திட்டுகிறவர்களில் பலர் இந்த ஒரு சுவிட்சைத்தான் தவறவிட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்து, பாரிஸில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு. தம்பி, நீ குடும்பக் குழுவில் எழுதியதைப் பார்த்தேன். "அடகு எதற்கு, என்னிடம் சும்மா கிடக்கும் வால்வு செட்டை அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன்" என்கிறாய். மனம் குளிர்ந்தது. பிரான்சிலும் நமக்கும் ஒரே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்து ஆசைப்பட்டு அங்கிருந்து கொண்டுவர வேண்டாம். அது 120 வோல்ட். இங்கே நேராகச் சொருகினால் புகைதான் வரும், தனியாக வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். நீ கொண்டுவந்தால் சவுண்ட் சர்வீஸ் பயலின் குடோனில் வைப்போம். பேரன் அங்கே போய் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கட்டும். அந்தத் தளும்பலை அவன் விரல் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அதை நம்பி அவன் தினப்படிச் சாதகம் நிற்கக் கூடாது.

வால்வு செட் வைத்திருப்பவர்களுக்கு அப்பா சொன்ன மூன்று பாடங்கள். ஒன்று, ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் செட்டைப் போடாதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இரண்டு, செட்டில் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை ஓம் ஸ்பீக்கரைத்தான் இணைக்க வேண்டும். மூன்றாவதுதான் உயிர்ப் பாடம். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று உள்ளே கை வைக்காதே. கண்டன்சர்கள் முன்னூறு நானூறு வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அப்பாவை ஒருமுறை அது சுவரோடு வீசியதை நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். யூடியூப் பார்த்துத் திறக்கும் பிள்ளைகள் தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள்.

பழுது பார்ப்பதில்தான் எனக்கு உண்மையான குழப்பம். இதை மறைத்தால் நேர்மையாகாது. வால்வு செட் பழுதானால் பாகம் பாகமாகச் சரி செய்யலாம். ஐம்பது அறுபது வருஷச் செட்டுகள் இன்னும் ஓடுகின்றன. மாடலிங் செட்டின் போர்டு போனால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்தப் போர்டு கிடைக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. போன் ஆப் இல்லாமல் வேலை செய்யாத செட் என்றால், புதுப் போனில் அந்த ஆப் ஓடாமல் போகிற அன்றைக்கே செட் ஊமையாகிவிடும். இதில் வால்வுக்குத்தான் என் மதிப்பெண்.

ஆனால் சரி செய்ய ஆள் வேண்டுமே! அப்பா கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை இருக்கிறது. அவருக்குப் பிறகு வால்வில் கை வைக்கத் தெரிந்தவராக எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், அவரும் போய்விட்டார். புது வால்வுகள் இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணும் நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022 இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வு வராது என்று உலகம் முழுக்கக் கிடார் வாசிப்பவர்கள் பதறினார்கள். நம் ஊர் உப்புக்காற்று வால்வு சாக்கெட்டின் காலையும் அரிக்கும், டிஜிட்டல் போர்டையும் அரிக்கும், அதற்குப் பாரபட்சம் கிடையாது. கஜா புயலுக்குப் பிறகு கரண்டு விட்டுவிட்டு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பாகம் தூரத்திலும் கைகள் இல்லாமலும் இருக்கும்போது, "சரி செய்யலாம்" என்பது ஏட்டுச் சுரைக்காய்.

"அப்ப எல்லாத்தையும் மெஷினுக்குக் கொடுத்துடலாமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இங்கே இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறேன். நம் பக்கத்தில் நாதஸ்வரக் கச்சேரியில் முன்பு ஒத்து ஊதுகிறவர் இருப்பார். சுருதி மட்டும் பிடிப்பது அவர் வேலை. இப்போது அந்த இடத்தில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. சுருதி பிசகுவதில்லை, மூச்சு வாங்குவதில்லை, ஒலியில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் ஒத்து ஊதிக்கொண்டே வித்வான் பக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்து ராகத்தைக் காதில் வாங்கிக்கொண்ட ஒரு சிறுவனின் இடம் போய்விட்டது. நாம் இழந்தது ஒலியை அல்ல, ஓர் ஆளை.

இரண்டாவது, கோயில்களில் பூஜை நேரத்தில் மோட்டார் வைத்து அடிக்கும் முரசு மணி இயந்திரம். அதில் நகல் எதுவும் இல்லை. உண்மையான தோல், உண்மையான வெண்கலம். ஆனாலும் அதைக் கேட்டு யாருக்காவது கண் கலங்கியிருக்கிறதா? அசல் கருவிதான், அடிக்கிற கை இல்லை. காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் இது. திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஏழு பண்சுரங்களையும் வாத்தியங்களையும் வரிசையாகப் பெயர் சொல்லிப் பாடியவர் அவர். கருவி தெரிந்தவர். அந்த வாத்தியங்களில் பல இன்று பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இசை மிஞ்சியிருக்கிறது. மாண்டலின் சீனிவாஸ் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டு கர்நாடக சங்கீத மேடையில் உட்கார்ந்தபோது, அது வெளிநாட்டுக் கருவி, மின்சாரக் கருவி என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் விரல் பேசியதும் அந்தக் கேள்வி எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒத்தும் முரசு மெஷினும் எனக்குச் சொல்வது ஒன்றுதான். பெட்டிக்குள் வால்வா கணக்கா என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பெட்டி ஒரு கையை வளர்க்கிறதா, இல்லை ஒரு கையை வேலையிலிருந்து எடுக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பேரன் தினம் இரண்டு மணி நேரம் ஹெட்போனில் யாரையும் தொந்தரவு செய்யாமல் வாசிக்க முடிந்தால் அவன் கை வளரும். அடகுக்கு வட்டி கட்டி வாங்கிய செட்டை, "சத்தம் போடாதடா" என்று எல்லோரும் அதட்ட, மூலையில் துணி போட்டு மூடி வைத்தால் வளராது.

மாடலிங் செட்டில் ஒரே ஒரு ஆபத்தை நான் பார்க்கிறேன். அதில் நூறு விதமான ஒலி இருக்கிறது. பிள்ளை வாசிக்காமல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். நூறு நோட்டு வாங்கி ஒவ்வொன்றிலும் முதல் பக்கம் மட்டும் எழுதும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வால்வு செட்டில் இரண்டு மூன்று ஒலிதான், அதனால் அது தானாகவே கண்டிப்பான வாத்தியார். மாடலிங் செட்டுக்கு அந்தக் கண்டிப்பை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆக, என் திருத்திய விடை இது.

தினமும் வீட்டில் சாதகம் செய்ய, மேடைக்கு எப்போதாவது போகிற பிள்ளைக்கு, மாடலிங் செட் போதும். குறைந்தது 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் இருப்பதாகப் பாருங்கள். முக்கியமான குமிழ்கள் செட்டின் மேலேயே இருக்க வேண்டும், போன் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும், ஹெட்போன் துளை இருக்க வேண்டும். வாங்கும் முன் பிள்ளையையே வாசிக்க வைத்துக் கேளுங்கள், அவன் கையைக் கேளுங்கள். கையில் மடிக்கணினியும் கிடாரை அதில் இணைக்கும் சிறு பெட்டியும் இருந்தால், நியூரல் ஆம்ப் மாடலர் என்று இலவசமாகவே ஒரு மென்பொருள் கிடைக்கிறது. முதல் வருஷத்தை அதிலேயே ஓட்டலாம். மிச்சமாகும் பணத்தில் கிடாருக்கு நல்ல கம்பி போட்டு, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கம்பி உயரத்தைச் சரிசெய்து, ஒரு நல்ல ஆசிரியருக்குச் சம்பளம் கொடுங்கள். ஒலியில் பெரிய மாற்றம் அங்கேதான் வரும்.

வாரத்துக்கு மூன்று மேடை, பெரிய இடம், சத்தம் ஏற்ற அனுமதி, பழுது பார்க்க ஆள், சொந்தச் சம்பாத்தியம் எல்லாம் உள்ளவர்கள் தாராளமாக வால்வு வாங்குங்கள். விரலுக்குக் கிடைக்கும் அந்தச் சீறல் உண்மை. அதை நான் பொம்மை என்றோ மூடநம்பிக்கை என்றோ சொல்ல மாட்டேன். மாடலிங்கைப் பொம்மை என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பேரனுக்கு ஒரு வார்த்தை. கண்ணா, செட் வந்ததும் ஒரே ஒரு ஒலியைத் தேர்ந்தெடு. மூன்று மாதம் அதை மாற்றக் கூடாது. டீச்சர் பாட்டி மாதம் ஒருமுறை வந்து பார்ப்பேன்.

நேற்றுச் சாயங்காலம் தங்கை மகளை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப பந்தியில ஏன் பெரியம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றாள். என்ன சொல்வது? சங்கிலியைக் கைப்பையிலிருந்து எடுக்கச் சொல்லி, நானே அவள் கழுத்தில் போட்டுவிட்டேன்.

ஒலித் துறையில் இருக்கும் மாணவர்கள், மேடையில் வாசிக்கும் மாணவர்கள், நான் எழுதியதில் தவறு இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் விடைத்தாளில் நான் போட்ட சிவப்பு மைக்கெல்லாம் பழி வாங்க இதுதான் நல்ல நேரம். பழைய வால்வு செட் சரி செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் யாராவது இன்னும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவரிடம் டார்ச் பிடிக்க ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்கால்